தானியப் பயிரில் அசுவினி: இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?

கேள்வி இதுதான்: "கோதுமை, பார்லி, ஓட்ஸ், மக்காச்சோளம் போன்ற பயிர்களில் வரும் அசுவினியைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. கடுகளவு பூச்சி, மருந்து அடித்தால் செத்துவிடும். அப்புறம் எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? வைரஸைப் பரப்புகிறது என்கிறார்களே, அது எப்படி? பயிரில் அசுவினியைப் பார்த்ததும் மருந்து அடிக்கத்தான் வேண்டுமா?"

மருந்து அடித்தால் அசுவினி சாகும், உண்மைதான். ஆனால் சாவதற்கு முன்பே அது தன் வேலையை முடித்துவிட்டிருந்தால் அந்த மருந்தால் பயனில்லை. தானியப் பயிரில் பெரும்பாலும் நடப்பது அதுதான். இலையில் எத்தனை பூச்சி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இந்தத் துறை அதிகம் முன்னேறவில்லை. அந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது, எந்தச் செடியில் வாய் வைத்துவிட்டு வந்தது, அடுத்து எங்கே போகிறது என்று கேட்கத் தொடங்கியபிறகுதான் விஷயம் பிடிபட்டது. நான் சொல்ல வருவதும் இதைச் சுற்றித்தான்.

முதலில் பூச்சியின் பெருக்கம். ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் போனே 1740-ல் ஓர் அசுவினிக் குஞ்சைப் பிறந்த உடனே தனியே அடைத்துவைத்து, ஆண் வாடையே படாமல் வளர்த்தார். அது வளர்ந்து குட்டி போட்டது. முட்டைகூட இல்லை, நேரடியாக உயிருள்ள குட்டிகள். வளரும் பருவம் முழுக்க அசுவினிகள் இப்படித்தான் பெருகுகின்றன: தாய் மகளைப் பெறுகிறாள், அந்த மகளின் வயிற்றுக்குள் பேத்தி ஏற்கெனவே கருவாக உருவாகத் தொடங்கியிருக்கிறாள். மூன்று தலைமுறை ஒரே உடம்பில். மிதமான வெப்பநிலை இருந்தால் பிறந்த குட்டி ஏழெட்டு நாளில் தானே தாயாகிவிடும். கணக்குக்காக, மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டம் இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பூச்சி முப்பது நாளில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். வயலில் இரைவிழுங்கிகள், மழை, பூசண நோய் எல்லாம் சேர்ந்து இந்தக் கணக்கைப் பெரும்பாலும் கெடுத்துவிடுகின்றன. கெடுக்காத ஆண்டுகள்தான் செய்தியாகின்றன.

இந்த வேகத்துக்கு அடித்தளம் அதன் சாப்பாடு. செடியின் உணவுக்குழாயில், அதாவது புளோயத்தில், ஓடும் சாற்றை அது குடிக்கிறது. அதில் சர்க்கரை மிக அதிகம், உடம்பு வளர்க்கத் தேவையான அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. அந்தக் குறையை நிரப்புவது அசுவினியின் செல்களுக்குள்ளேயே வாழும் பூக்னெரா என்ற பாக்டீரியம். தாயிடமிருந்து குட்டிக்குச் சொத்துபோல வந்துசேரும் இந்தப் பாக்டீரியம் இல்லாவிட்டால் அசுவினி ஒழுங்காக வளராது, இனம் பெருக்காது. மிஞ்சிய சர்க்கரை பின்பக்கமாகத் தேன்போல ஒழுகுகிறது. அது இலைமேல் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, வெயில் இலைக்குள் இறங்காமல் தடுக்கிறது. அமெரிக்காவில் 2013-ல் சோளப் பயிருக்குள் திடீரென்று பெருகிய கரும்பு அசுவினி இந்த ஒழுக்கலாலேயே அறுவடை இயந்திரங்களை அடைத்துத் திணறவைத்தது.

கூட்டம் நெருக்கியடிக்கும்போது, அல்லது செடி முற்றிச் சாறு வற்றும்போது, அடுத்து பிறக்கும் மகள்களுக்கு இறக்கை முளைக்கிறது. அதே மரபணு, அதே தாய். சூழ்நிலை மட்டும்தான் வேறு. நோய் பரவும் கதை இந்த இறக்கையில்தான் ஆரம்பிக்கிறது.

இனி வைரஸுக்கு வருவோம். 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓட்ஸ் பயிர் பரவலாகச் சிவந்து, குட்டையாகி, மகசூல் விழுந்தது. அப்போது ஆராய்ந்தவர்கள் இலையில் பாக்டீரியாவைக் கண்டு, அதையே காரணம் என்று எழுதினார்கள். அந்தச் சிவப்பின் உண்மையான காரணம் தெரிய 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் பார்லி வயல்கள் மஞ்சளாகிக் குட்டையாகி நின்றபோது, ஆஸ்வால்ட், ஹூஸ்டன் என்ற இருவர் இது அசுவினி கொண்டுவரும் வைரஸ் என்று நிறுவினார்கள். 'பார்லி மஞ்சள் குட்டை வைரஸ்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. பெயரில் பார்லி இருந்தாலும் கோதுமை, ஓட்ஸ், மக்காச்சோளம், நெல், நூற்றுக்கும் மேற்பட்ட புல்வகைகள் என எல்லாவற்றிலும் அது குடியேறும். பார்லியில் இலை நுனியிலிருந்து பளீரென்ற மஞ்சள், ஓட்ஸில் சிவப்பு, கோதுமையில் மஞ்சளோ ஊதாவோ. பல நேரம் எந்த அறிகுறியும் கண்ணில் படாமலேயே வேர் சுருங்கி, தூர் குறைந்து, மணி சிறுத்துப்போகும். சத்துக் குறைவு, நீர் தேங்கியது, குளிர் அடித்தது என்று இதைத் தவறாகக் கணித்தவர்கள் ஏராளம். இத்தனை காலம் கண்டுபிடிக்கப்படாமல் இருந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். செடியிலிருந்து சாற்றைப் பிழிந்து இன்னொரு செடியில் தேய்த்தால் இந்த நோய் ஒட்டாது. விதை வழியாகவும் போகாது. அசுவினி ஒன்றுதான் வழி.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சியை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணிசெய்த வில்லியம் ராச்சோ, வயலில் கிடைத்த நோயுற்ற செடிகளில் வெவ்வேறு இன அசுவினிகளை விட்டு, பிறகு அவற்றை நல்ல செடிக்கு மாற்றிப் பார்த்தார். ஓர் இனம் பரப்பும் நோயை இன்னோர் இனத்தால் பரப்ப முடியவில்லை! ரோபலோசைபம் பேடி என்ற அசுவினி பரப்பும் வகை ஒன்று, தானிய அசுவினி எனப்படும் சிட்டோபியான் அவனே பரப்பும் வகை இன்னொன்று, இரண்டும் பரப்பும் வகை மூன்றாவது. மக்காச்சோள அசுவினிக்குத் தனி வகை. அதனால் பரப்பும் பூச்சியின் பெயரிலிருந்தே எழுத்துகளை எடுத்து வைரஸ் வகைகளுக்குப் பெயர் வைத்தார்: ஆர்.பி.வி., எம்.ஏ.வி., பி.ஏ.வி., ஆர்.எம்.வி. இன்றும் அந்த எழுத்துகள் புழங்குகின்றன.

அதற்கடுத்து வந்ததுதான் ஆச்சரியம். ஒரே செடியில் ஆர்.பி.வி.யும் எம்.ஏ.வி.யும் சேர்ந்து தொற்றியிருந்தால், எம்.ஏ.வி.யைத் தனியாகக் கடத்தவே முடியாத பேடி அசுவினி இப்போது அதையும் கடத்தியது. எப்படி? வைரஸ் என்பது உள்ளே ஆர்.என்.ஏ. இழை, வெளியே புரத உறை. ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸும் பெருகும்போது, ஒன்றின் இழை மற்றதன் உறைக்குள் போய் மடங்கிவிடுகிறது. அசுவினி பார்ப்பது உறையை மட்டும்தான். ராச்சோ இதை ஊகமாக விட்டுவிடவில்லை. எம்.ஏ.வி. உறையைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புச் சீரத்தைக் கலந்து பார்த்தார். அப்படியும் பேடி அசுவினி எம்.ஏ.வி.யைப் பரப்பியது. ஆக உள்ளே இருந்த இழை எம்.ஏ.வி.யுடையது, போர்த்தியிருந்த உறை வேறொன்றினுடையது. இந்த முடிவு 1970-ல் வெளியானது. மரபணு வரிசையைப் படிக்கும் கருவி எதுவும் இல்லாத காலம் அது. பூச்சி, செடி, சீரம், பொறுமை, இவை நான்கை மட்டும் வைத்துக்கொண்டு அவர் இவ்வளவு தூரம் போனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

பிற்காலத்தில் மரபணு வரிசை கிடைத்தபோது ராச்சோவின் வகைகள் ஒரே வைரஸின் ரகங்கள்கூட இல்லை, தனித்தனி இனங்கள் என்று தெரிந்தது. ஆர்.பி.வி. இப்போது தானிய மஞ்சள் குட்டை வைரஸ் என்ற வேறு பெயரில், வேறு பேரினத்தில் இருக்கிறது. குடும்பத்தையே பிரித்துவிட்டார்கள்.

சரி, அசுவினியின் உடம்புக்குள் என்ன நடக்கிறது? அதன் வாய், ஊசிபோல நீண்ட நான்கு இழைகள் சேர்ந்த குழல். அதை இலைக்குள் செலுத்தி, செல்களின் இடுக்கு வழியாக வளைந்து வளைந்து புளோயத்தைத் தேடிப் போகும். வழியில் ஒவ்வொரு செல்லையும் சில நொடிகள் குத்திச் 'சுவை' பார்த்துவிட்டு நகரும். புளோயத்தை எட்டியதும் முதலில் எச்சிலை உள்ளே விடும், அதன்பிறகுதான் குடிக்கத் தொடங்கும். இலைக்குள்ளே நடக்கும் இந்த வரிசையெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அசுவினியின் முதுகில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை, வெள்ளித் துகள் கலந்த பசையால் ஒட்டுகிறார்கள். செடியின் மண்ணில் இன்னொரு மின்முனை. வாய்க்குழல் செடிக்குள் போனதும் மின்சுற்று முழுமையாகிறது. குழல் எங்கே இருக்கிறது, எச்சில் விடுகிறதா, குடிக்கிறதா என்பதைப் பொறுத்து மின்னலையின் வடிவம் மாறும். 1960-களில் அமெரிக்காவில் தொடங்கி, பின்னர் நெதர்லாந்தின் வாகனிங்கனில் செம்மைப்படுத்தப்பட்ட முறை இது. இதயத் துடிப்பை வரைபடமாக எடுப்பதுபோல ஒரு பூச்சியின் சாப்பாட்டை வரைபடமாக எடுத்துவிட முடிகிறது. எந்த அலையின்போது வைரஸ் உள்ளே போகிறது, எந்த அலையின்போது வெளியே வருகிறது என்று நொடிக்கணக்கில் பிரித்துச் சொன்னது இந்த முறைதான்.

மஞ்சள் குட்டை வைரஸ் புளோயத்தை விட்டு வெளியே வராது. அதனால் அதைப் பெற அசுவினி புளோயத்தில் பொறுமையாக உட்கார்ந்து மணிக்கணக்கில் குடிக்க வேண்டும். குடித்த வைரஸ் பின்குடலின் சுவரைக் கடந்து உடல்திரவத்தில் கலந்து, துணை எச்சில் சுரப்பியின் சுவரையும் கடந்து எச்சிலுக்குள் வர வேண்டும். இந்தப் பயணத்துக்கு ஒன்றிரண்டு நாளாவது ஆகும். அதன்பின் அந்தப் பூச்சி வாழ்நாள் முழுக்க நோய் பரப்பும், தோல் உரித்தாலும் போகாது. ஆனால் வைரஸ் பூச்சிக்குள் பெருகுவதில்லை, குட்டிகளுக்கும் போவதில்லை. நோயுள்ள தாய் பெற்ற குட்டி சுத்தமாகத்தான் பிறக்கிறது. செடியில் வாய் வைத்தால்தான் அதற்கும் வைரஸ் வரும்.

ராச்சோ கண்ட 'இந்த வைரஸுக்கு இந்தப் பூச்சிதான்' என்ற பொருத்தத்துக்கும் விடை இந்தப் பாதையில்தான் கிடைத்தது. ஃபிரெடரிக் கில்டோ என்ற ஆராய்ச்சியாளர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அசுவினியின் உறுப்புகளைச் சீவிச் சீவிப் பார்த்தார். பொருத்தமில்லாத வைரஸ் சில நேரம் குடலையும் கடந்துவிடுகிறது, உடல்திரவத்தில் மிதக்கிறது, ஆனால் எச்சில் சுரப்பியின் வாசலில் நின்றுவிடுகிறது. பூட்டும் சாவியும் அங்கேதான். வைரஸ் உறையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நீண்ட புரதப் பகுதி அந்தச் சாவியின் முக்கியமான பல். அந்தப் பகுதி இல்லாவிட்டாலும் வைரஸ் உருவாகும், செடிக்குள் பெருகும், அசுவினியால் மட்டும் பரவாது.

எல்லா வைரஸும் இப்படி நிதானமாகப் போவதில்லை. மக்காச்சோளக் குட்டைத் தேமல் வைரஸ் இதற்கு நேர் எதிர். அசுவினி செல்லைச் சுவை பார்க்கும் அந்தச் சில நொடிகளிலேயே வாய்க்குழலின் நுனியில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த செடியில் அடுத்த சுவை பார்க்கும்போதே இறங்கிவிடுகிறது. பரவும் சக்தியையும் குறைந்த நேரத்திலேயே இழந்துவிடும். இந்த வகையில் பூச்சிக்கொல்லியால் பெரிதாகப் பயன் இல்லை, ஏனென்றால் மருந்து பூச்சியைக் கொல்ல ஆகும் நேரத்துக்குள் அது நாலு செடியைத் தொட்டுவிட்டிருக்கும். சில சமயம் மருந்தால் கலவரப்பட்டுக் கூடுதலாகவே தாவும். அந்தப் பயிரில் குடியேறவே போகாத, வழிப்போக்கனாக வந்து இறங்கிப் பிடிக்காமல் பறந்துபோகும் அசுவினிகூட இந்த நோயைப் பரப்பிவிட்டுப் போகும். மஞ்சள் குட்டையில் அப்படியில்லை, பெற ஒரு நீண்ட சாப்பாடு, பிறகு ஓரிரு நாள் காத்திருப்பு, கொடுக்க இன்னொரு நீண்ட சாப்பாடு. அந்த இடைவெளியில்தான் நமக்கு வாய்ப்பு இருக்கிறது. "அசுவினி வைரஸைப் பரப்புகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் இந்த முக்கியமான வேறுபாடு காணாமல் போய்விடும்.

அடுத்து, எப்போது, எங்கிருந்து. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1964-ல் ஓர் உறிஞ்சு பொறியை நிறுத்தினார்கள். 12.2 மீட்டர் உயரக் குழாய், அடியில் விசிறி. அந்த உயரத்தில் பறக்கும் பூச்சிகளை இழுத்துக் குடுவையில் சேர்க்கும். ஏன் அவ்வளவு உயரம்? தரைக்கு அருகே பிடித்தால் பக்கத்துச் செடியில் இருப்பதுதான் கிடைக்கும். உயரத்தில் பிடித்தால் ஒரு பெரிய நிலப்பரப்பின் காற்றில் என்ன பறக்கிறது என்று தெரியும். அன்றிலிருந்து நாள்தோறும் பிடிபட்டவற்றை இனம் பிரித்து எண்ணிக்கொண்டே வருகிறார்கள். ஒரே மாதிரியான பொறிகள் ஐரோப்பாவின் பல நாடுகளில் நிற்கின்றன. இவ்வளவு சலிப்பான வேலையை அறுபது ஆண்டுகள் விடாமல் செய்ததால் கிடைத்த பலன் பெரிது: குளிர்காலம் மிதமாக இருந்தால் அசுவினிகள் எத்தனை நாள் முன்னதாகப் பறக்கின்றன என்று இன்று கணக்காகச் சொல்ல முடிகிறது. ஜனவரி, பிப்ரவரி சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் பீச்-உருளைக்கிழங்கு அசுவினியின் முதல் பறப்பு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னால் வருகிறது. பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எடுத்துக்காட்டும் உறுதியான உயிரியல் தரவுகளில் இதுவும் ஒன்று.

பேடி அசுவினியின் ஆண்டுச் சுழற்சியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கடுங்குளிர் நாடுகளில் அது இலையுதிர் காலத்தில் பறவைச் செர்ரி மரத்துக்குப் போய், ஆணும் பெண்ணும் கூடி, முட்டையிட்டுக் குளிரைத் தாண்டுகிறது. வசந்தத்தில் முட்டையிலிருந்து வருவது வைரஸ் இல்லாத பூச்சி. மஞ்சள் குட்டை வைரஸ் புல் இனத்தில்தான் வாழும், செர்ரி மரத்தில் அது இல்லை. ஆனால் குளிர் மிதமான இடங்களில் இந்தச் சடங்கெல்லாம் தேவையில்லை. அதே பூச்சியின் சில வம்சங்கள் குளிர்காலம் முழுக்கப் புல்லிலும் இளம் கோதுமையிலும் ஆணே இல்லாமல் பெருகிக்கொண்டு, வைரஸைக் கைவிடாமல் வைத்திருக்கின்றன. குளிர் குறையக் குறைய முட்டை வழி தேய்ந்து புல் வழி ஓங்குகிறது. அசுவினி எண்ணிக்கை ஒரே அளவாக இருந்தாலும் நோய் ஆபத்து கூடிவிடுகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது கடைசிவரை புரியாது.

அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே வயலில் தானாக முளைத்த தானியச் செடிகளும் வரப்புப் புல்லும் பூச்சியையும் வைரஸையும் சேர்த்துக் காப்பாற்றுகின்றன. ஆராய்ச்சியாளர்கள் இதைப் 'பச்சைப் பாலம்' என்கிறார்கள். பாலத்தை விதைப்புக்குச் சில வாரம் முன்பே அழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விதைத்த பிறகு அழித்தால் புல்லில் இருந்த அசுவினி நேரே முளைப்பயிருக்கு நடந்து வந்துவிடும். பல இடங்களில் செய்யும் தவறு இது.

புல்லைப் பற்றிச் சொன்னதால் ஒரு பக்கக் கதை. கலிபோர்னியாவின் புல்வெளிகளில் ஒருகாலத்தில் ஊர்ப்புற்கள் ஆண்டுக்கணக்கில் வாழும் பற்றைகளாக நின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த ஓராண்டுப் புற்கள் அவற்றைப் பெருமளவு விரட்டிவிட்டன. வந்த புல்லில் அசுவினி கொழிக்கிறது, அங்கிருந்து வைரஸ் பழைய புல்லுக்குத் தாவுகிறது, ஓராண்டுப் புல்லோ விதை வழியே ஆண்டுதோறும் நோயின்றிப் புதிதாக முளைக்கிறது. விதையில் போகாத வைரஸ் இங்கே யாருக்குச் சாதகம் என்று பாருங்கள். கரோலின் மாம்ஸ்ட்ராமும் உடன் ஆராய்ந்தவர்களும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேகரித்து உலர்த்தி வைத்த புல் மாதிரிகளிலிருந்தே இந்த வைரஸ்களின் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, 2007-ல் வெளியிட்டார்கள். பெயர் வைக்கப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வைரஸ் அங்கே இருந்திருக்கிறது.

இந்தக் கதையில் வைரஸ் சும்மா சவாரி செய்யும் பயணி மட்டும் இல்லை என்பதும் தெரியவந்திருக்கிறது. நோயுற்ற கோதுமை வெளியிடும் வாசனை மாறுகிறது, பேடி அசுவினியை அது ஈர்க்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தினர் 2012-ல் இன்னொரு படி போனார்கள். செடியே இல்லாமல், சுத்திகரித்த வைரஸைச் செயற்கை உணவில் கலந்து அசுவினிக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். வைரஸ் இல்லாத அசுவினி நோயுள்ள செடியைத் தேடிப் போனது. வைரஸ் உடம்பில் ஏறிய அசுவினி நோயில்லாத செடியைத் தேர்ந்தெடுத்தது. பெறும்வரை நோயாளியிடம், பெற்றபிறகு நலமான செடியிடம். வைரஸுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

வாசனையை வைத்துப் பூச்சியைத் துரத்தும் முயற்சியும் நடந்தது. ஓர் அசுவினியை எதிரி பிடித்தால் அது முதுகிலுள்ள இரு குழல்களிலிருந்து பீட்டா ஃபார்னசீன் என்ற வேதிப்பொருளைக் கசியவிடும், பக்கத்தில் உள்ளவை விழுந்தடித்து ஓடும். இந்த அபாய வாசனையைக் கோதுமையே வெளியிட்டால் என்ன? ரோதம்ஸ்டெட்டில் மரபணு மாற்றி அப்படியொரு கோதுமையை உருவாக்கினார்கள். ஆய்வகத்தில் அசுவினி விலகியது, ஒட்டுண்ணிக் குளவிகள் நெருங்கி வந்தன. 2012, 2013-ல் கடும் எதிர்ப்புகளுக்கிடையே வயலில் விதைத்துப் பார்த்தார்கள். சாதாரணக் கோதுமைக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் இல்லை என்று 2015-ல் வெளியிட்டார்கள். அசுவினி அந்த வாசனையைத் திடீரென்று கிளம்பும் ஓர் அலையாகத்தான் வெளியிடுகிறது, கோதுமையோ இடைவிடாமல் வெளியிட்டது. எப்போதும் ஒலிக்கும் அபாயச் சங்கை யாரும் பொருட்படுத்துவதில்லை, காரணம் இதுவாக இருக்கலாம் என்பது அவர்களே முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. தோற்ற சோதனையை முழுமையாக வெளியிட்டதற்காகவே நான் அந்தக் குழுவை மதிக்கிறேன். வயலுக்குப் போகாத ஆய்வக வெற்றிகள் எவ்வளவு இருக்கின்றன என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வைரஸே இல்லாமல் நாசம் செய்யும் அசுவினியும் உண்டு. ரஷ்யக் கோதுமை அசுவினியின் எச்சிலே விஷம். இலையில் வெள்ளை, ஊதா வரிகள் விழும், இலை குழலாகச் சுருண்டு, பூச்சி அதற்குள் மருந்து படாமல் ஒளிந்துகொள்ளும், கதிர் வெளிவர முடியாமல் சிக்கும். தென்னாப்பிரிக்காவில் 1978, அமெரிக்காவில் 1986, ஆஸ்திரேலியாவில் 2016 என்று கண்டம் கண்டமாக நுழைந்தது. கொலராடோவில் 1994-ல் எதிர்ப்புத் திறனுள்ள 'ஹால்ட்' கோதுமையை வெளியிட்டார்கள். 2003-ல் அந்த எதிர்ப்பை மீறும் புதிய வகைப் பூச்சி அங்கேயே தோன்றிவிட்டது. ஒரே ஒரு மரபணுவை நம்பியதன் விலை.

மருந்துகளின் கதையும் அப்படித்தான் போனது. ஐரோப்பாவில் பல ஆண்டுகள் விதையிலேயே நியோநிக்கோட்டினாய்டு மருந்தைப் பூசி விதைத்தார்கள், முளைப்பயிர் தானாகப் பாதுகாக்கப்பட்டது. தேனீக்களுக்கு வரும் கேட்டைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் மூன்று முக்கிய நியோநிக்கோட்டினாய்டுகளைத் திறந்தவெளிப் பயிர்களில் தடைசெய்தது. எஞ்சியவற்றில் பெரும்பாலானவர்கள் கையிலெடுத்தது பைரித்ராய்டு வகைத் தெளிப்பு மருந்து. தானிய அசுவினியிலோ பைரித்ராய்டைத் தாங்கும் மரபணு மாற்றம் 2011-லேயே இங்கிலாந்தில் பிடிபட்டிருந்தது. இதற்கு மேல், பைரித்ராய்டு பொறிவண்டையும் குளவியையும் சேர்த்துக் கொல்லும். எதிர்ப்புப் பெற்ற அசுவினி மட்டும் எதிரியில்லாத வயலில் மிஞ்சும். தடை சரியா தவறா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. விதைப்பூச்சு இருந்த காலத்தில் அசுவினியைக் கவனிக்கும் பழக்கத்தையே பலர் விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

நீண்டகாலத் தீர்வு பயிர் ரகங்களில்தான் என்று நினைக்கிறேன். எத்தியோப்பியாவின் பாரம்பரிய பார்லி ரகங்களில் கிடைத்த ஆர்.ஒய்.டி.2 என்ற மரபணு அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பல நாட்டு பார்லிகளைக் காத்துவருகிறது. கோதுமையின் சொந்த மரபணுக்களில் இந்த வைரஸுக்கு வலுவான எதிர்ப்பு கிடைக்கவில்லை. தினோபைரம் என்ற கோதுமைப் புல்லிலிருந்து பி.டி.வி.2 மரபணுவை, குரோமோசோம் துண்டோடு சேர்த்துக் கோதுமைக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கே ஒரு நுணுக்கம். வைரஸைத் தாங்கிக்கொள்ளும் ரகம் வேறு, வைரஸைப் பெருகவிடாத ரகம் வேறு. தாங்கிக்கொள்ளும் ரகத்தை விதைத்தவருக்கு மகசூல் கிடைத்துவிடும், ஆனால் அவர் வயல் வைரஸ் நிறைந்த கிடங்காகிப் பக்கத்து வயலுக்கு நோயை அனுப்பும். விதை வாங்கும்போது இந்த இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

இளம்பயிராக இருந்தால், பறந்து வந்து இறங்கும் முதல் அசுவினிகள் சிலவே, அவை நோய் கொடுப்பதும் சில செடிகளுக்கே. அவற்றின் குட்டிகள் அந்த நோயுள்ள செடியில் குடித்து வளர்ந்து, பக்கத்துச் செடிக்கு நடந்து போகும்போதுதான் வயலில் வட்டம் வட்டமாக மஞ்சள் விரிகிறது. ஆகவே மருந்து தேவைப்பட்டால் அந்த இரண்டாம் தலைமுறை நகரத் தொடங்கும் நேரத்தில்தான் அடிக்க வேண்டும். பிரிட்டனில் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: பயிர் முளைத்ததிலிருந்து ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையில் 3 டிகிரியைக் கழித்து, மீதியைக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். கூட்டுத்தொகை 170 ஆகும்போது இரண்டாம் தலைமுறை தயார். சராசரி 11 டிகிரியாக இருந்தால் மூன்று வாரத்தில் அந்த எண் வந்துவிடும், 5 டிகிரியாக இருந்தால் பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்கு முன்பே அவசரப்பட்டு அடித்தால் பின்னால் பறந்து வருபவை தப்பிவிடும். மஞ்சள் கண்ணில் பட்டபிறகு அடித்தால், நோய் வந்த செடிக்கு எந்த உதவியும் இல்லை. தாமதமாக விதைத்த பயிரில், பறக்கும் காலம் முடிந்திருந்தால், இந்த மருந்தே தேவைப்படாமல் போகலாம்.

கதிர் வந்த பிறகு கணக்கே வேறு. அந்த வயதில் வரும் வைரஸால் பெரிய சேதம் இல்லை. முளைப்பருவத்தில் தொற்றியிருந்தால் மகசூலில் பாதிக்கு மேல்கூடப் போகும், கதிர்ப் பருவத்தில் தொற்றினால் இழப்பு மிகக் குறைவு. அப்போது பார்க்க வேண்டியது சாறு உறிஞ்சும் சேதத்தை மட்டும்தான், எண்ணிக்கைக்கு மதிப்பு வருவது இந்தப் பருவத்தில்தான். பிரிட்டனில் கோதுமைக்குச் சொல்லும் அளவு: பூக்கும் முன் பாதித் தூர்களில் அசுவினி இருந்தால் மருந்து, பூத்ததிலிருந்து மணி பால்பிடித்து முற்றுவதற்கு இரண்டு வாரம் முன்புவரை மூன்றில் இரண்டு பங்கு தூர்களில் இருந்தால் மருந்து. வேறு தட்பவெப்பத்தில், வேறு ரகத்தில் இந்த எண்கள் மாறும். உங்கள் பகுதிக்கென்று வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்திருக்கும் அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணும்போது உயிருள்ள அசுவினியோடு, உப்பிப் பழுப்பேறி இலையோடு ஒட்டி அசையாமல் கிடப்பவற்றையும் தனியாக எண்ணுங்கள். அவை குளவி முட்டையிட்டுவிட்டுப் போன அசுவினிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குளவி வளர்ந்துகொண்டிருக்கிறது. கதிர்ப் பருவத்தில் அவை நிறையத் தென்பட்டால் தெளிப்பானை எடுக்காமல் நாலைந்து நாள் விட்டு, அதே செடிகளை மறுபடி எண்ணிப் பாருங்கள்.